சிறுவர்களைப் பழக்குபவர் கற்றுக்கொள்ளவும் ஒரு செலவு எழுதுங்கள்: மலையகக் கழக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்து உதைபந்தாட்டக் கழகங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சாயந்தர வேளைகளில் சிறுவர் சிறுமியருக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். உங்களில் பலரை எனக்குத் தெரியும். மெட்ச் முடிந்த இரவில் கடன் வாங்கி பஸ்காரருக்குக் காசு கொடுத்த செயலாளர்களைத் தெரியும். சொந்தக் கடையிலிருந்து சாப்பாடு அனுப்பிய தலைவர்களைத் தெரியும். அந்த மரியாதையோடுதான் உங்களிடம் ஒன்றைக் கேட்க வருகிறேன்.

உங்கள் கழகத்தின் கடந்த வருடக் கணக்கறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஜேர்சிக்கு ஒரு செலவு இருக்கும். கிண்ணம், பதக்கம், பந்தல், ஒலிபெருக்கி, மத்தியஸ்தர்கள், வெளியூர் அணிகளுக்கு மதியச் சாப்பாடு என்று வரிசையாக இருக்கும். சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் எதையாவது கற்றுக்கொள்வதற்கென்று ஒரு ரூபாவாவது எழுதியிருக்கிறதா? எனக்குத் தெரிந்த கணக்குகளில் இல்லை. அந்த ஒரு வரியை உங்கள் கணக்கில் ஏற்ற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அணிக்கு ஏழு பேர் கொண்ட சுற்றுப்போட்டி ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது ஏற்ற வேண்டும்.

சிறுவர்களைப் பழக்குவது யார் என்று பாருங்கள். பெரிய அணிக்கு அனுபவமுள்ள ஒருவரைப் போடுகிறோம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு, அன்றைக்கு யாருக்கு வேலை இல்லையோ அவர். பெரும்பாலும் பழைய விளையாட்டுக்காரர். ஆட்டோ ஓட்டுபவராக இருப்பார், ஹட்டனில் கடையொன்றில் நிற்பவராக இருப்பார், பாடசாலை ஆசிரியராக இருப்பார். நல்ல மனம் உள்ளவர், சம்பளம் எதுவும் கேட்காதவர். அவருக்குக் கிடைத்த பயிற்சி எதுவோ அதையே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். வேறு வழி இருக்கிறது என்று யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

ஒரு சாதாரணப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பிள்ளைகள் வருகிறார்கள். முதலில் கிரவுண்டைச் சுற்றி நாலைந்து ரவுண்ட் ஓட்டம். அப்புறம் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கோலுக்கு அடித்தல். ஒரு பந்து, ஒரு வரிசை. ஒரு மணித்தியாலத்தை இருபது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம். அதிலும் பாதி, கீழ்ப்பக்கத் தேயிலைக்குள் உருண்டுபோன பந்தைத் தேடி, அட்டைக்கடியோடு திரும்பி வருவதிலேயே போய்விடும். மிச்ச நேரமெல்லாம் பிள்ளை என்ன செய்கிறது? குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. முன்னால் நிற்பவனைத் தள்ளுகிறது. அதற்காகத் திட்டு வாங்குகிறது. இரண்டு மாதம் இப்படிப் போனால் வருவதை நிறுத்திக்கொள்கிறது. பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

அதே இருபது பேரை நாலு நாலாகப் பிரியுங்கள். ஐந்து அணி வரும். நான்கு அணிகள் இரண்டு சின்ன மெட்ச் ஆடட்டும், ஐந்தாவது அணி ஓரத்தில் தங்களுக்குள் பந்தைக் கொடுத்து வாங்கி விளையாடட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கோலுக்கு இரண்டு ஜோடி செருப்பு போதும். கீப்பர் வேண்டாம். இப்போது எந்தப் பிள்ளையும் சும்மா நிற்கவில்லை. பந்து காலுக்கு வந்துகொண்டே இருக்கிறது, யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, தானே கொண்டு போவதா என்று பிள்ளை யோசித்துக்கொண்டே இருக்கிறது. ஓட்டமும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. தனியாக ரவுண்ட் ஓடவைக்கத் தேவையே இல்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 2012இல் வாக்கெடுத்துச் சிறுவர் ஆட்டத்தையே மாற்றியது. 8 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 5 பேர், 10 வயதுக்குட்பட்டோர் 7 பேர், 12 வயதுக்குட்பட்டோர் 9 பேர், அதற்கு மேலேதான் 11 பேர் என்று அன்றைக்கு வகுத்தது. ஜெர்மனியிலும் 2024இல் தொடங்கிய பருவத்திலிருந்து மிகச் சிறிய பிள்ளைகளுக்கு அணிக்கு இரண்டு, மூன்று பேர் ஆடும் சின்ன ஆட்டங்களைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நாலு முறை உலகக் கிண்ணம் வென்ற நாடு அது. நாமோ பத்து வயதுப் பிள்ளையைப் பெரியவர்களின் கோல் கம்பங்களுக்கு நடுவே கீப்பராக நிறுத்தி, தலைக்கு மேலே போன பந்துக்காகத் திட்டுகிறோம்.

நமக்கு இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. மலையகத்தில் மைதானம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிலம் நம்முடையது இல்லை. சமமான இடம் குறைவு. இருக்கிற கிரவுண்டும் ஒரு பக்கம் சரிவு, மே மாதம் தொடங்கினால் மஸ்கெலியா, வட்டவளைப் பக்கமெல்லாம் சேறு. அதிலும் பாதி நேரம் பெரிய பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆனால் நாலு பேருக்கு நாலு பேர் ஆட முப்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் போதும். அது தோட்டத் தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் கிடைக்கும், பாடசாலை முற்றத்தில் கிடைக்கும், பல தோட்டங்களில் கோயில் வாசலிலேயே கிடைக்கும். கிரவுண்ட் இல்லை என்பதால் சிறுவர் பயிற்சி இல்லை என்று சொல்லும் கழகங்கள் இதை யோசிக்க வேண்டும். இந்தச் சின்ன ஆட்டங்களை நடத்தத் தெரிந்த ஒருவர் இருந்தால் இடம் ஒரு தடையே இல்லை. அப்படித் தெரிந்தவர்கள்தான் நம்மிடம் குறைவு.

அடுத்து நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள். இந்த மடலை எழுத வைத்ததே இதுதான்.

2016இல் இலங்கையில் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 32 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தக் கணக்குக்குள் இருந்த பிள்ளைகள்தான் இன்றைக்கு நம் பதின்ம வயது அணிகளுக்கு வருகிறார்கள். அவர்கள் கட்டையாக இருப்பதற்குத் தாயின் உணவும், தோட்டத்துச் சம்பளமும், லயத்து வாழ்க்கையும் காரணம். அந்தக் கணக்கை நாம் கிரவுண்டில் தீர்க்க முடியாது. ஆனால் கிரவுண்டில் இன்னொரு அநியாயத்தை அதன் மேல் ஏற்றாமல் இருக்க முடியும்.

அணித் தெரிவு நடக்கும் அன்று என்ன நடக்கிறது? உயரமானவன், நெஞ்சு அகலமானவன், தூரமாக அடிப்பவன் உள்ளே போகிறான். மெலிந்தவன் அடுத்த வருடம் வரச்சொல்லி அனுப்பப்படுகிறான். அடுத்த வருடம் அவன் வருவதில்லை. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வயதுப் பிரிவில்தான் ஆடுகிறார்கள். பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது பெரிய வித்தியாசம். பல நாடுகளில், பல விளையாட்டுகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே சிறுவர் அணிகளில் அதிகம் தெரிவாகிறார்கள். திறமைக்கும் பிறந்த மாதத்துக்கும் என்ன சம்பந்தம்? நமது மலையகத்தில் அந்தப் பிறந்த மாதத்தோடு பசியும் சேர்ந்துகொள்கிறது. உடம்பைப் பார்த்து ஆள் எடுக்கும் பயிற்றுவிப்பாளர், தான் அறியாமலே, வீட்டில் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்ட பிள்ளையைத் தெரிவு செய்கிறார்.

எங்கள் பிள்ளைகளில் சிலர் பதினைந்து, பதினாறு வயதில்தான் ஒரேயடியாக வளர்கிறார்கள். அதுவரை அந்தச் சின்னப் பையன் தன் உடம்பால் எதையும் வெல்ல முடியாததால் வேறு வழிகளைக் கண்டுபிடிக்கிறான். பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்க்கிறான். ஒரே தொடுகையில் பந்தைத் தள்ளிவிடுகிறான். மோதாமல் நழுவுகிறான். அவன் வளர்ந்த பிறகு அவனிடம் இரண்டும் இருக்கும். அதுவரைக்கும் அவனைப் பிடித்து வைத்திருக்கும் பொறுமை பயிற்றுவிப்பாளருக்கு வேண்டும். அந்தப் பொறுமையைக் கொடுக்க வேண்டியது கழகம். 12 வயதுக்குட்பட்டோர் சுற்றுப்போட்டியில் கிண்ணம் வராவிட்டால் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் குழு இருக்கும்போது எந்தப் பயிற்றுவிப்பாளர் அந்தச் சின்னப் பையனை இறக்குவார்?

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று. பாடசாலை விட்டு, மலை ஏறி, ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் உண்டு. பயிற்சி தொடங்குமுன் "மதியம் என்ன சாப்பிட்டீங்க?" என்று தனித்தனியாக, மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்காதபடி விசாரிக்கத் தெரிந்திருப்பதும் பயிற்றுவிப்பாளரின் தகுதிதான். அவித்த கடலையும் வாழைப்பழமும் கழகத்தால் முடியாத செலவு இல்லை. ஒரு கிண்ணத்தின் விலைக்குப் பல வாரம் கொடுக்கலாம்.

அப்புறம் வாய். ஓரத்தில் நின்று நாம் பேசும் பேச்சு. "அடிடா", "விடுடா", "ஏன்டா அங்க நிக்கிற" என்று ஒவ்வொரு நொடியும் கட்டளை போட்டால் பிள்ளை பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். முடிவெடுப்பதை நாமே செய்துவிட்டு, பெரியவனானதும் இவனுக்கு மூளை வேலை செய்யவில்லை என்று சொல்வது என்ன நியாயம்? நிறுத்திக் கேட்டால் போதும். "அந்த நேரம் உனக்கு யாரெல்லாம் தெரிஞ்சாங்க?" அந்த ஒரு கேள்விக்குப் பிள்ளை கொடுக்கும் பதிலில் ஒரு மணிநேரக் கத்தலை விட அதிகம் கிடைக்கும். காதைத் திருகுவது, முட்டி போட வைப்பது, தோற்றதற்குத் தண்டனையாகத் தவளைப் பாய்ச்சல் பாய வைப்பது, தகப்பன் பெயரைச் சொல்லித் திட்டுவது எல்லாம் இன்னும் நம் கிரவுண்டுகளில் நடக்கின்றன. ஒழுக்கம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பிள்ளையின் மேல் கை வைப்பவர் எவ்வளவு பெரிய விளையாட்டுக்காரராக இருந்தாலும் அவரைச் சிறுவர் பக்கம் விடக்கூடாது. ஒரு பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதும் பிள்ளைக்கும் தாய்க்கும் தெரிந்திருக்க வேண்டும். கழகத்தில் அதற்கென்று ஒருவரை நியமியுங்கள். அவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

பெண் பிள்ளைகள் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒன்பது பத்து வயதில் பையன்களோடு சேர்ந்து நன்றாக ஆடும் பிள்ளைகள் பெரிய பிள்ளையானதும் காணாமல் போகிறார்கள். வீட்டில் விடுவதில்லை என்கிறோம். கிரவுண்டில் நிற்பவர்கள் எல்லாம் ஆண்களாக இருந்தால் எந்த அம்மா தைரியமாக அனுப்புவார்? முன்பு ஆடிய பெண்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள், சிலர் முன்பள்ளி ஆசிரியைகளாகவும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பயிற்றுவிப்பாளராக ஆக்குங்கள். அம்மாமாரின் பதில் மாறும்.

உடம்பைப் பற்றிய அடிப்படை அறிவும் தேவை. வேகமாக வளரும் வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வலி என்று சொல்லும் பிள்ளையை, நடிக்கிறான் என்று ஓடவிடுகிறோம். அது வளர்ச்சிக் காலத்தில் அதிகம் ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு வரும் வழக்கமான கோளாறு. ஓய்வும், பயிற்சியைக் குறைப்பதும்தான் மருந்து. பந்தைத் தலையால் முட்டுவதும் அப்படித்தான். 2020இல் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்துச் சங்கங்கள் ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டப் பழக்க வேண்டாம் என்று அறிவித்தன. ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்களில் மூளை நரம்பு தேயும் நோய்களால் இறந்தவர்கள், மற்ற மக்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019இல் சொன்னது. தலையால் முட்டியதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் மழையில் ஊறிக் கனத்த பழைய பந்தை ஒன்பது வயதுப் பிள்ளையின் தலைக்கு வீசிப் பழக்குவதற்கு நமக்கு என்ன அவசரம்?

இதெல்லாம் ஒருவருக்குத் தானாகத் தெரியாது. நன்றாக ஆடியவருக்கும் தெரியாது. ஆடுவது ஒரு வேலை, பிள்ளைகளைப் பழக்குவது வேறொரு வேலை. அதை ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு ஏணி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு சிறுவர்களைப் பழக்குபவர்களுக்கென்று அடிப்படைப் பயிற்சிநெறிகளை வைத்திருக்கிறது, அதற்கு மேல் சி, பி, ஏ, ப்ரோ என்று உரிமங்கள் ஏறிக்கொண்டு போகின்றன. நம் பக்கத்தில் அந்த ஏணியின் முதல் படியில் கால் வைத்தவர்களே குறைவு. ஏன் என்று யோசியுங்கள். கொழும்புக்குப் போக வேண்டும். ஹட்டனிலிருந்து அதிகாலை பஸ் பிடிக்க வேண்டும். தங்க இடம் வேண்டும். ஆட்டோ ஓட்டுபவருக்கு அத்தனை நாள் வருமானம் போய்விடும். பிறகு மொழி. நான் கலந்துகொண்ட ஒரு பயிற்சிநெறி முழுவதும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் நடந்தது. பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள நண்பர் மெல்லிய குரலில் எனக்கு விளக்கிக்கொண்டே இருந்தார், அந்த உதவியை மறக்க மாட்டேன். ஆனால் அவர் இல்லாதிருந்தால்? கேள்வி கேட்கத் தயங்கி, சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர்?

எனவே மாவட்ட லீக்குகளிடம் நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் கேளுங்கள்: தமிழில், மலையகத்தில், வார இறுதியில் ஒரு அடிப்படைப் பயிற்சிநெறி. ஒரு கழகம் தனியாகக் கேட்டால் கடிதம் கோப்புக்குள் போய்விடும். இருபது கழகம் கையெழுத்துப் போட்டால் அப்படிப் போகாது.

ஆனால் மேலே இருந்து வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான எண்ணம். 2023 ஜனவரியில் ஃபிஃபா நம் நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் முடிவில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்பது வயதை நோக்கிப் போய்க்கொண்டுதான் இருந்தது. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை எடுத்த நாடு, இன்றைக்கு ஃபிஃபா தரவரிசையில் அடிப்பக்கத்தில் நிற்கிறது. அந்தச் சண்டைகளை நாம் தீர்க்க முடியாது. நம் கிரவுண்டில் நடப்பதை மாற்ற நம்மால் முடியும்.

ஐஸ்லாந்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்தை 2க்கு 1 என்று வென்ற நாடு, 2018இல் உலகக் கிண்ணத்துக்குப் போன நாடு. அப்போது அதன் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்று இலட்சத்து முப்பதாயிரம். 2012 கணக்கெடுப்பின்படி நம் நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் ஏழு இலட்சத்துக்கு மேல். அங்கேயும் குளிர், அங்கேயும் மழை, வருடத்தில் பல மாதம் புல்லில் ஆட முடியாது. அவர்களிடம் பணம் இருந்தது, உள்ளரங்கு மைதானங்கள் கட்டினார்கள், அதை நாம் செய்ய முடியாது. ஆனால் கூடவே இன்னொன்றும் செய்தார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பழக்குபவருக்கும் முறையான பயிற்சியும் தகுதியும் இருக்க வேண்டும் என்று வைத்து, ஊர் ஊராகப் பயிற்றுவிப்பாளர்களை உருவாக்கினார்கள். உலகக் கிண்ணத்துக்கு அணியைக் கொண்டு போன ஹெய்மிர் ஹால்கிரிம்ஸன் தொழிலால் பல் மருத்துவர். சுமார் நாலாயிரம் பேர் வாழும் தீவுக்கூட்டம் ஒன்றில் உள்ளூர்க் கழகத்தைப் பழக்கித்தான் அங்கே வந்தார். பகலில் ஒரு வேலை, சாயந்தரம் கிரவுண்ட். நம் ஆட்களைப் போலத்தான்.

கழகம் உள்ளுக்குள்ளேயே செய்யக்கூடியவை நிறைய. எங்கள் இடத்தில் நாங்கள் செய்வதில் பயன் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு பேர். ஒருவர் நடத்துவார், மற்றவர் பார்ப்பார். பார்ப்பவர் கையில் ஒரு கொப்பி. எத்தனை நிமிடம் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், யார் பந்தே தொடாமல் இருந்தார்கள், நடத்தியவர் யார் பெயரைச் சொல்லவே இல்லை என்று எழுதுவார். முடிந்ததும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அதைப் பேசுவோம். முதலில் நடத்தியவர் பேச வேண்டும், பிறகுதான் பார்த்தவர். சில நாள் போனில் பத்து நிமிடம் வீடியோ எடுத்துப் பார்ப்போம். தான் எவ்வளவு கத்துகிறோம் என்பதை வீடியோவில் கேட்ட பிறகு யாரும் பழையபடி கத்துவதில்லை. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளை உதவிக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பலர் கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுவார்கள், தெரிந்ததுதான். போகும்வரை கற்றுக்கொள்ளட்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வரும்போது கிரவுண்டுக்கு வருவார்கள், சிலர் திரும்பி வந்து இங்கேயே தங்குவார்கள். அந்தக் கொப்பி கழகத்தில் இருந்தால், ஒருவர் போனதும் எல்லாம் போய்விடாது. அடுத்தவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை.

இன்னொன்று, ஒரு தாள். உங்கள் கழகம் பிள்ளைகளை எப்படிப் பழக்கும் என்பதைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, பெற்றோர் கூட்டத்தில் வாசித்து, கழகச் சுவரில் ஒட்டுங்கள். பெரிய வார்த்தைகள் வேண்டாம். 12 வயது வரை அணியில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மெட்சிலும் பாதி நேரமாவது ஆடும். எந்தப் பிள்ளையையும் ஒரே இடத்தில் வருடம் முழுக்க நிறுத்த மாட்டோம், பின்னால் தடுக்கும் பெக் ஆடுபவன் முன்னால் கோல் அடிக்கும் ஃபோர்வர்டும் ஆடுவான். யாரும் அடிக்க மாட்டோம், கெட்ட வார்த்தை பேச மாட்டோம். புலமைப்பரிசில் வகுப்பு இருக்கும் நாட்களில் பயிற்சி வைக்க மாட்டோம். கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையை டியூஷனுக்காகக் கிரவுண்டிலிருந்து நிறுத்தும் பெற்றோரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அவர்களுடைய பயம் நியாயமானது. நேரத்தை மாற்றிக் கொடுத்தால் பிள்ளை இரண்டுக்கும் வரும்.

தாளை எழுதினால் அதன்படி நிற்க வேண்டும். ஊர்ப் பெரிய மனிதரின் மகனைப் பாதி நேரம் வெளியே வைத்ததற்காகப் பயிற்றுவிப்பாளரிடம் ஒருவர் வந்து சத்தம் போடும்போது, தலைவரும் செயலாளரும் அந்தப் பயிற்றுவிப்பாளரின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்களுக்கும் ஒரு வார்த்தை. நோர்வேயில் சிறுவர் விளையாட்டுக்கு 1987 முதல் தனி விதிகள் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளின் போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் வெளியிடக்கூடாது, 13 வயதுக்கு முன் தேசிய சம்பியன்ஷிப் கிடையாது. அதனால் அந்த நாட்டில் விளையாட்டு அழிந்துபோகவில்லை. நாமும் 12 வயதுக்குட்பட்டோருக்கு, தோற்றால் வெளியேறும் நொக்-அவுட் போட்டியை நிறுத்திவிட்டு, வருகிற எல்லா அணியும் நாள் முழுக்க ஆறு ஏழு சின்ன மெட்ச் ஆடும்படி ஒரு நாளை நடத்தலாம். மடுல்சீமையிலிருந்தோ உடப்புசல்லாவையிலிருந்தோ விடியற்காலையில் புறப்பட்டு வந்த பிள்ளைகள் இருபது நிமிடம் ஆடித் தோற்று, மிச்ச நாளெல்லாம் பந்தலடியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கிண்ணம் இல்லாவிட்டால் அனுசரணையாளர் காசு தரமாட்டார் என்று சொல்வீர்கள். கேட்டுப் பாருங்கள். தன் பெயர் ஒரு ஜேர்சியின் முதுகில் இருப்பதை விரும்பும் கடைக்காரர், இந்தத் தோட்டத்தில் இரண்டு பேரைப் பயிற்றுவிப்பாளராகப் படிக்கவைத்தவர் என்று மேடையில் சொல்லப்படுவதையும் விரும்புவார். ஜேர்சி இரண்டு வருடத்தில் கிழியும்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பயிற்றுவிப்பாளர் வளர்ச்சி என்று ஒரு விடயத்தைச் சேருங்கள். வருடத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று இருவரைத் தெரிவு செய்து, அவர்களுடைய பயிற்சிக் கட்டணம், பஸ் காசு, அந்த நாட்களில் இழக்கும் கூலி மூன்றையும் கழகம் ஏற்கட்டும். படித்து வந்தவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சிறுவர் அணியின் தோல்விக்காக எந்தப் பயிற்றுவிப்பாளரையும் மாற்றுவதில்லை என்று தீர்மானம் எழுதுங்கள்.

நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கக் கழகங்கள் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்றுவிப்பாளர்களை ஓரிடத்தில் கூட்டலாம் என்று சிலரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். முதல் கூட்டத்தில் பிள்ளைகளை வைத்து ஒரு பயிற்சியை நானே நடத்திக் காட்டுகிறேன், எல்லோரும் கொப்பியோடு வந்து பார்த்துக் குறைகளைச் சொல்லுங்கள். அடுத்த மாதம் உங்கள் கழகத்திலிருந்து ஒருவர் நடத்தட்டும். மே மாத மழைக்கு முன்னால் ஒரு நாளைக் குறித்து, உங்கள் கழகத்திலிருந்து யார் வருகிறார்கள் என்று உங்கள் செயலாளர் மூலம் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
நோர்வூட் பக்கத்துச் சிறுவர் பயிற்றுவிப்பாளன்